தோளில் இருந்த கை

1

இந்தக் கதை என் வழுக்கையில் தொடங்கியது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படியான தொடக்கம் இல்லை என்று எனக்கே தெரிகிறது. அநீதியைக் கண்டு உள்ளம் கொதித்தது, பேனா தானாகக் கைக்கு வந்தது என்று ஆரம்பித்திருந்தால் உங்களுக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை. ஆனால் நடந்தது என்னவோ வேறு. என் புதுப் புத்தகத்தின் பின்னட்டைக்குப் பதிப்பாளர் ஒரு போட்டோ கேட்டார். "இந்தத் தடவையாவது சமீபத்துல எடுத்ததா கொடுங்க" என்று அழுத்திச் சொன்னார். போன புத்தகத்தில் நான் கல்லூரிக் காலத்துப் படத்தைப் போட்டிருந்தேன். வெளியீட்டுக் கூட்டத்துக்கு வந்த ஒரு அம்மா, அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க பையன் நல்லா எழுதறார் சார்" என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்.

ஆகவே கடைத்தெருவில் இருக்கும் ஸ்டுடியோவுக்குப் போனேன். சாவி போடும் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே, ஒருக்களித்து நுழைகிற மாதிரி ஒரு இடம். சுவர் முழுக்க யார் யாரோ பாஸ்போர்ட் சைஸில் முறைத்துக்கொண்டிருப்பார்கள். நடத்துவது ஒரு பெண்மணி. தெருவே அவரை 'டச்சப் அக்கா' என்றுதான் கூப்பிடும். படம் எடுப்பதைவிட, எடுத்த படத்தைத் தேற்றுவதில் அவருக்கு ஈடு இல்லை.

"நெத்தியைக் கொஞ்சம் சின்னதாக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"நெத்தி எங்க முடியுதுன்னு நீங்க காட்டுங்க சார், நான் அங்கேருந்து ஆரம்பிக்கிறேன்."

சிரித்துக்கொண்டே திரும்பியபோதுதான் அவருடைய கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன். ஒரு பெண்ணின் தோள். நீல நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சட்டை. தோளின்மேல் ஒரு ஆண் கை. வாட்ச் கட்டியிருந்தது, மோதிரம் போட்டிருந்தது, மணிக்கட்டோடு முடிந்துபோயிருந்தது. கைக்குப் பின்னால் ஆள் இல்லை. வெறும் வெள்ளை.

"யாரோட கைக்கா அது?"

"கொன்னவனோடது" என்றார் அக்கா. மவுஸை விடவில்லை. "ஸ்டூல்ல உக்காருங்க சார், உங்க முறை வரும்."

உட்கார்ந்தேன். என் நெற்றி எனக்கு மறந்தே போயிற்று.

2

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். கிழித்துப்போட்ட தொடக்கங்கள் கீழே. மறைப்பானேன்?

"மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது." (மழையே இல்லை. நல்ல வெயில். என் கதைகளில் பெண்கள் செத்தால் உடனே மழை வந்துவிடுகிறது. வானத்துக்கும் எனக்கும் ஏதோ ஒப்பந்தம்.)

"ஒரு கொலை எப்போது தொடங்குகிறது?" (பரிசுக்கு அனுப்புகிறவன் இப்படித்தான் ஆரம்பிப்பான். கேள்வி கேட்டுவிட்டுத் தாடியைத் தடவுவான். எனக்குத் தாடியும் சரியாக வளராது.)

"அவள் சிரித்தாள், இன்னும் சில மாதங்களில் தனக்கு" (இதை ஏன் பாதியில் விட்டேன் என்று பிறகு சொல்கிறேன். இந்தக் கதையில் நான் கற்றுக்கொண்ட ஒரே பாடம் அந்தப் பாதி வாக்கியத்தில்தான் இருக்கிறது.)

"கண்டக்டர் கடைக்குள் வந்தபோது டச்சப் அக்கா யாருடைய காதையோ சரிசெய்துகொண்டிருந்தார்."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும்: இதில் பாதி நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தது, மீதி அக்கா பிறகு சொன்னது. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஓட்டையை நான்தான் அடைத்தேன். அக்காவின் தொழிலும் அதுவே என்பதால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

3

கண்டக்டர் கடைக்குள் வந்தபோது டச்சப் அக்கா யாருடைய காதையோ சரிசெய்துகொண்டிருந்தார். (இது நான் போவதற்கு முன்பு, அந்த வாரத் தொடக்கத்தில்.)

வந்தவள் யூனிபார்மில் இருந்தாள். வலது தோளில் தோல் பை. ஓடுகிற பஸ்ஸில் நின்றே பழகிய கால்கள், அசையாத தரையிலும் அகட்டி ஊன்றியே நின்றன. நாற்பதுக்குள் இருக்கும் என்று அக்கா கணக்குப் போட்டார். முகத்தை வைத்து வயது சொல்வதில் அவர் தப்பியதில்லை. வயதைக் குறைக்கச் சொல்லிக் கேட்பவர்களோடு பழகிப் பழகி வந்த திறமை.

"உக்காரும்மா."

"உக்காந்தா தூங்கிடுவேன்க்கா. நிக்கிறேன்."

போனை நீட்டினாள். யாரோ வீட்டு விருந்தில் எடுத்த படம். ஜன்னல் ஓரமாக ஒரு ஜோடி. அந்தப் பெண் எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண் பாதி மூடிவிட்டது. பக்கத்தில் இருந்தவன் அவள் இடது தோளில் கை போட்டு, கேமராவை நேராகப் பார்த்தான்.

"இவளை மட்டும் தனியா எடுத்துத் தரணும். பெரிசா. அட்டையில ஒட்டி, தூக்கிப் பிடிக்கிற மாதிரி."

"தங்கச்சியா? மூக்கு அப்படியே இருக்கு."

"தங்கச்சி."

"விவாகரத்தா?" என்று அக்கா கேட்டார். ஜோடியைப் பிரிக்கச் சொல்லி வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கேஸ்தான். பாதிப் படத்தை வைத்துக்கொண்டு புதிதாக ஆரம்பிப்பார்கள். அக்காவும் சந்தோஷமாகவே வெட்டிக் கொடுப்பார்.

"அதைத்தான் கேட்டா" என்றாள் கண்டக்டர். "அதுக்குத்தான் கொன்னான்."

காதுக்காரர் எழுந்து, பிறகு வருகிறேன் என்று சொல்லாமலேயே வெளியே போய்விட்டார்.

அக்கா போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு பெரிதாக்கினார். என்ன பேசுவதென்று தெரியாதபோது படத்தைப் பெரிதாக்குவது அவர் பழக்கம். "வேற படம் எதுவும் இல்லையாம்மா? இவ தனியா இருக்கிறது?"

"கட்டிக்கிட்டதுக்கு அப்புறம் எதுலயும் தனியா இல்லக்கா. தனியா எடுத்தா, யாருக்கு அனுப்பப் போறேன்னு கேப்பானாம். அதுக்கு முன்னாடி எடுத்ததெல்லாம் ரொம்பச் சின்னப் பொண்ணு. இந்தப் படத்துலதான் அவ அவளா இருக்கா. யாரோ ஜோக் அடிச்சிருக்காங்க. இல்லன்னா இவளே அடிச்சிட்டு இவளே சிரிக்கிறா. அதுவும் நடக்கும்."

"சரி, செஞ்சிடலாம்."

"இன்னொண்ணு இருக்குக்கா." கண்டக்டர் பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். "அவனோட வக்கீல் இதே படத்தைத்தான் கோர்ட்டுல கொடுத்திருக்காரு. பாருங்க எவ்வளவு பிரியமா தோள்ல கை போட்டிருக்கார், ஏதோ ஒரு நிமிஷம் ஆத்திரத்துல புத்தி மாறிப்போச்சுன்னு. ஜட்ஜும் வாங்கிப் பாத்தாரு. பாத்துட்டு என்னைப் பாத்தாரு. நான் என்ன சொல்றது, கை இருக்கத்தானே செய்யுது? வெள்ளிக்கிழமை தீர்ப்பு. உள்ள அந்தக் கையோட இருந்துட்டுப் போகட்டும். வெளிய படியில, அந்தக் கை இல்லாம இவ இருக்கணும்."

* படி என்று அவள் சொன்னது கோர்ட் வாசல் படியை. இப்படிப் பெண்ணைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்கள், வழக்கு நடக்கும் நாட்களில் அங்கே படத்தோடு வந்து நிற்பார்கள். கோஷம் கிடையாது. யாருடைய வழக்கானாலும் எல்லாரும் வருவார்கள். ஒரே ஒரு விதி: படத்தில் அவள் மட்டும் இருக்க வேண்டும். ஒரு தடவை யாரோ அவசரத்தில் வெட்டிய படத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஓரத்தில் ஒரு சட்டைக் கை தொங்கிக்கொண்டிருந்தது. கொன்றவனின் அம்மா அந்த வழியாகப் போனவர், "அது என் பையன் சட்டை, நான் வாங்கிக் கொடுத்தது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அன்றைக்குப் போட்ட விதி.

4

இங்கே கொலை வர வேண்டும். கதையின் அளவுக்கு இதுதான் சரியான இடம். நான்கைந்து பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். அவள் தன் சாமான்களை எடுத்துப்போக வந்ததையும், தன் அக்கா கண்டக்டரிடம் போனில் "பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொன்னதையும், அவன் கதவை

(இல்லை.)

எடுத்துவிட்டேன். நன்றாக வந்திருந்தது என்பதால்தான் எடுத்தேன். மறுபடி படித்துப் பார்த்தபோது, அந்த நான்கைந்து பக்கத்தில் அவன்தான் கதாநாயகன். அவன் மூச்சு வாங்குகிறான், அவன் கண் சிவக்கிறது, அவனுக்கு அப்பா அடித்த பழைய ஞாபகம் வருகிறது. அவளுக்கு நான் கொடுத்திருந்த வேலை ஒன்றே ஒன்று.

ஆகவே வேறு ஒன்றைச் சொல்கிறேன். அவள் என்னென்ன செய்தாள் என்று.

கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். மூக்குக் கண்ணாடிக் கடை. புது பிரேமை மாட்டிப் பார்க்கிறவர்கள் தங்கள் பவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தானே மாட்ட வேண்டும்? அப்புறம் எதிரே இருக்கும் முகம்பார்க்கும் கண்ணாடியில் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "எப்படிம்மா இருக்கேன்?" என்று இவளிடமே கேட்பார்கள். "நீங்க பாக்காத வரைக்கும் சூப்பரா இருக்கீங்க சார்" என்பாள். கடைக்காரர் பலமுறை கண்டித்தும் விடவில்லை. அவளுக்காகவே வந்து இரண்டாவது கண்ணாடி வாங்கியவர்கள் உண்டு. தெருவில் போகும்போது யார் கண்ணாடியாவது கோணியிருந்தால் நிறுத்தி, கழற்றி, கம்பியை வளைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். யாரென்றே தெரியாதவர்களுக்கு.

இதெல்லாம் போக, ஒரு பெண்ணுக்கு இந்த உலகம் என்னென்ன செய்யச் சொல்கிறதோ அத்தனையும் செய்தாள். பொறுத்துப் பார் என்றார்கள், பார்த்தாள். பேசிப் பார் என்றார்கள், பேசினாள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். "புருஷன் பொண்டாட்டி சண்டையில நாங்க எங்கம்மா நடுவுல வர்றது" என்று அனுப்பினார்கள். கன்னம் வீங்கிய பிறகு மறுபடி போனாள். அவனைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவனோடேயே அனுப்பி வைத்தார்கள். கடைசியில் வேலைக்குப் பக்கத்திலேயே ஒரு ரூம் பார்த்தாள். அட்வான்ஸ் கொடுத்தாள். அவனை விட்டு வெளியே வருகிற அந்தச் சில நாட்கள்தான் இப்படிப்பட்ட பெண்களுக்கு ஆபத்தானவை என்று வக்கீல்களுக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் தெரியும், ஸ்டேஷனிலும் தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் வெளியே வந்தாள். இதைத் தைரியம் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? நான் ஒரு பதிப்பாளரிடமிருந்து இன்னொரு பதிப்பாளருக்கு மாறவே மூன்று வருடம் நடுங்கினேன்.

மறுநாள் செய்தியில் 'குடும்பத் தகராறு' என்று வந்தது. ரோட்டில் ஒருவன் முன்பின் தெரியாதவனைக் குத்தினால் அது சட்டம் ஒழுங்கு. வீட்டுக்குள் குத்தினால் தகராறு. படியில் நிற்கிறவர்களுக்காக வாதாடும் வக்கீலம்மா ஒருவர் இருக்கிறார். குள்ளமானவர். குரல் மட்டும் கட்டடம் தாண்டும். வாசலில் ஒரு நிருபர் அவரிடம், "இதுல மனித உரிமை எங்கம்மா வருது? இது அவங்க சொந்த விஷயம் இல்லையா?" என்று கேட்டபோது சொன்னாராம்: "உயிர் வாழ்ற உரிமைன்னு சட்டத்துல எழுதியிருக்கு தம்பி. வீட்டு வாசல் வரைக்கும்தான்னு எங்கயாவது எழுதியிருந்தா எடுத்துக் காட்டு, நான் கவுனைக் கழட்டிடறேன்."

இந்த மாதிரி ஒரு வாக்கியம் எனக்கு வந்திருந்தால் அதை வைத்தே ஒரு நாவல் எழுதியிருப்பேன். அவர் வாசலில் நின்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார்.

5

ஸ்டூலுக்கு வருவோம். நான் முறைக்காகக் காத்திருக்கிறேன், திரையில் ஆளில்லாத கை.

ஒரு படத்திலிருந்து ஆளை எடுப்பது சுலபம், அவன் கை மேலே கிடக்கிற இடம்தான் கஷ்டம் என்று அக்கா எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். "கையை எடுத்தா அடியில என்ன இருந்துச்சுன்னு படத்துக்குத் தெரியாது சார். படம் அந்த இடத்தைப் பாத்ததே இல்ல. நாமதான் போடணும்." சொல்லிக்கொண்டே வலது தோளைப் பிரதி எடுத்து, திருப்பி, இடது பக்கம் கொண்டுவந்து வைத்தார். புள்ளிக்குப் புள்ளி சேர்த்தார். கை மெல்ல மெல்லக் கரைந்தது. முதலில் மோதிரம், பிறகு விரல்கள், கடைசியாக வாட்ச். மந்திரவாதியைப் பார்க்கிற குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு முகத்துக்கு வந்தார். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பை எடுத்தார். கன்னத்தைச் சமமாக்கினார். இடது புருவத்தின் நடுவே, முடி முளைக்காமல் ஒரு சின்ன வெட்டு இருந்தது. அதைப் பார்த்ததும் அக்காவின் வாய் இறுகியது. "பாவி" என்று முனகினார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முடியாக வரைந்து அதை மூடினார். இவ்வளவு அன்போடு ஒருவர் மவுஸைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

பிரிண்ட் போட்டு எடுத்த நேரம் கண்டக்டர் வந்தாள். ஷிப்டுக்கு நடுவே ஓடிவந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

படத்தைக் கையில் வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது யாருக்கா?"

அக்காவுக்குப் புரியவில்லை. "உன் தங்கச்சிதாம்மா. கை தெரியவே தெரியாது பாரு, நல்லா எடுத்திருக்கேன்."

"கை போயிடுச்சு. சரி. அவ புருவத்துல ஒரு வெட்டு இருக்குமே, அது எங்க?"

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதை நான்தான் எடுத்துட்டேன்மா. அவன் பண்ணினதெல்லாம் எதுக்கு அவ முகத்துல இருக்கணும்னு..."

"அது அவன் பண்ணினது இல்லக்கா." கண்டக்டரின் குரல் உடைந்து, உடனே கோபமாக மாறியது. "அது நான் பண்ணினது! சின்ன வயசுல ஜன்னல் கதவை நான் படார்னு திறந்தேன், அவ வெளியில நின்னுட்டு எட்டிப் பாத்தா. ரத்தம் கொட்டுச்சு. அம்மாகிட்ட காட்டிக் கொடுக்காம இருக்கிறதுக்கு எத்தனை ஐஸ் வாங்கிக் கொடுத்தேன் தெரியுமா? பெரியவளாகியும் விடல. சண்டை வந்தா உடனே புருவத்தைத் தொட்டுக் காட்டுவா. சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போலன்னா புருவம். சட்டை தரலன்னா புருவம். அந்த வெட்டை வெச்சே வாழ்நாள் பூரா என்னை ஏமாத்தினா. அது எங்களோடது."

நான் சுவரில் இருந்த பாஸ்போர்ட் முகங்களோடு சேர்ந்துகொண்டேன்.

"அவ மேல இருக்கிறதெல்லாம் அவனோடது இல்லக்கா" என்றாள் கண்டக்டர், இப்போது மெதுவாக. "அவன் எடுத்துட்டுப் போனது போதும். இதையும் அவன் கணக்குல எழுதாதீங்க."

அக்கா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். ஒரே பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். வரைந்த முடிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. புருவத்தில் வெட்டு வந்தது. கன்னத்தில் மேடு வந்தது. கண்ணுக்குக் கீழே அசதி வந்தது. ஒரு பெண் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

* அந்தப் பாதி வாக்கியத்தை ஏன் விட்டேன் என்று சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? "அவள் சிரித்தாள், இன்னும் சில மாதங்களில் தனக்கு நேரப்போவதை அறியாமல்" என்பது முழு வாக்கியம். என் முதல் பிரதியில் அவள் அப்படித்தான் எல்லாம் செய்தாள். நேரப்போவதை அறியாமல் வேலைக்குப் போனாள், அறியாமல் டீ குடித்தாள், அறியாமல் செருப்பு வாங்கினாள். அவள் வாழ்க்கை முழுவதையும் எடுத்து அவன் கணக்கில் எழுதிவிட்டேன். நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டும் இருந்தேன். அவள் சிரித்தாள். ஜோக் நன்றாக இருந்தது, அதனால் சிரித்தாள். முற்றுப்புள்ளி.

6

கையும் திரும்பி வந்துவிட்டது என்பதுதான் சிக்கல். எல்லாவற்றையும் பின்னால் கொண்டுபோனதில் அதுவும் வந்து தோளில் உட்கார்ந்துகொண்டது.

"மறுபடி எடுத்துடறேன்" என்றார் அக்கா. "ஆனா அந்தத் தோள் எனக்கே பிடிக்கலம்மா. வலது தோளைத் திருப்பி வெச்சது. ரெண்டும் ஒண்ணுபோல இருந்தா பொம்மை மாதிரி ஆயிடுது. அதுதான் நீ இது யாருன்னு கேட்டே. வெட்டு மட்டும் காரணம் இல்ல." கொஞ்சம் யோசித்தார். "அவன் கை போடாதப்போ அவ தோளை எப்படி வெச்சிருப்பா?"

கண்டக்டர் தன் தோளையே ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். சொல்லத் தெரியவில்லை. யாருக்குத்தான் தெரியும்? உங்கள் தங்கையின் தோள் எப்படி இருக்கும் என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

"சட்டை மட்டும் வேணும்னா இருக்கு" என்றாள். "அந்த நீலச் சட்டை. அது என்னுதுதான். என்கிட்ட கேக்காம எடுத்துட்டுப் போய்ப் போட்டா. அந்தப் படத்தைப் பாத்துதான் எனக்கே தெரிஞ்சது. போன் போட்டுத் திட்டினேன், துவைச்சுக் கொடுத்து அனுப்பினா."

அக்கா நாற்காலியோடு திரும்பினார். முகம் பளிச்சென்று ஆகியிருந்தது. நான் ஒரு நல்ல வரி கிடைத்தால்கூட அப்படிப் பிரகாசித்ததில்லை.

"போட்டுட்டு வா."

"என்னக்கா?"

"சட்டையைப் போட்டுட்டு வா. உன் தோளை வெக்கிறேன்."

சாயங்காலம் ஷிப்ட் முடித்து வந்தாள், நீலச் சட்டையில். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. "சிரிக்காதீங்க, அவளுக்கு இது தொளதொளன்னு இருக்கும்" என்று என்னைப் பார்த்து எச்சரித்தாள். (நான் ஏன் சாயங்காலம் வரை அங்கே இருந்தேன் என்று கேட்காதீர்கள். என் படம் இன்னும் எடுத்தாகவில்லை என்பது அதிகாரபூர்வமான காரணம்.)

அக்கா அவளை ஜன்னல் பக்கம் உட்கார்த்தினார். படத்தில் வெளிச்சம் வந்த திசையிலேயே லைட்டை வைத்தார். என் கையில் ஒரு வெள்ளை அட்டையைக் கொடுத்து, "சும்மா இருக்கீங்களே, இதைப் பிடிங்க" என்றார். என் இலக்கிய வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியம் அந்த அட்டையைப் பிடித்ததுதான்.

இரண்டு மூன்று எடுத்தார். பிடிக்கவில்லை. கண்டக்டர் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறிய மாதிரி.

"உன் தங்கச்சி ஜோக் ஒண்ணு சொல்லு" என்றார் அக்கா.

"எனக்குச் சொல்ல வராதுக்கா. அவ சொன்னாத்தான்..."

"அவ சொல்ற மாதிரி சொல்லு."

கண்டக்டர் தயங்கினாள். பிறகு கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை இடுக்கி, இல்லாத ஒரு கண்ணாடியை எதிரே உட்கார்ந்திருந்த என் மூக்கில் மாட்டிவிட்டு, என் வழுக்கையை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க பாக்காத வரைக்கும் சூப்பரா இருக்கீங்க சார்."

அவளுக்கே தாங்கவில்லை. வெடித்துச் சிரித்தாள். சிரிப்பில் இடது தோள் எகிறி மேலே ஏறியது. அந்தக் கணத்தில் அக்கா அழுத்தினார்.

சிரிப்பு முடிகிற இடத்தில் அழுகை ஆரம்பித்தது. அதை அக்கா எடுக்கவில்லை. கேமராவைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் அட்டையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கோர்ட் படியில் அந்தப் படம் இருந்தது. ஒரு பெண் வாய்விட்டுச் சிரிக்கிறாள். புருவத்தில் வெட்டு. உற்றுப் பார்த்தால் ஒரு தோள் இன்னொன்றைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கும். வலது தோளில் பையைச் சுமந்து சுமந்து, ஈடுகட்ட ஏறிப்போன இடது தோள். அந்த இடத்தில் இத்தனை நாள் அவன் கை இருந்தது. இப்போது அக்காக்காரி இருக்கிறாள்.

7

முடிவுகள். கைவசம் மூன்று இருக்கின்றன.

முதலாவது: நீதிபதி காரிலிருந்து இறங்குகிறார், படியில் அந்தப் படத்தைப் பார்க்கிறார், உள்ளே தன் மேஜையில் இருக்கும் படம் ஞாபகம் வருகிறது, மனம் (இது என் ஆசை. நீதிபதிகள் பின்வாசல் வழியாகப் போகிறார்கள்.)

இரண்டாவது: ஒரு நிமிஷ ஆத்திரம் என்று தண்டனையைக் குறைத்துவிடுகிறார்கள், கண்டக்டர் மறுநாள் வேலைக்குப் போகிறாள், அவள் பஸ்ஸிலேயே ஒருநாள் அவன் ஏறி (இதுவும் நடக்கக்கூடியதுதான். நடந்தும் இருக்கிறது. ஆனால் அவளை நான் அந்தப் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன். அவள் முகத்தைப் பார்த்தவன் நான்.)

மூன்றாவது, உண்மையாக நடந்தது: தீர்ப்பு வரவில்லை. தள்ளிவைத்தார்கள். பிறகு மறுபடியும் தள்ளிவைத்தார்கள். இந்தக் கதையை அச்சுக்குக் கொடுக்கும் வரை வரவில்லை.

கையெழுத்துப் பிரதியை டச்சப் அக்கா மூலமாகக் கண்டக்டருக்குக் கொடுத்தனுப்பினேன். பஸ் கிளம்புவதற்குக் காத்திருந்த நேரங்களில் படித்திருக்கிறாள். பதில் வந்தது: "ரெண்டு இடத்துல அழறேன்னு போட்டிருக்காரு, ஒண்ணை எடுத்துடச் சொல்லுங்க. ஜோக்கை எடுக்கக் கூடாது." ஒன்றை எடுத்துவிட்டேன். முடிவைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. முடியாததைப் பற்றி என்ன சொல்வது?

என் பின்னட்டைப் படத்தை அக்கா கடைசியில் எடுத்துக் கொடுத்தார். நெற்றி முழுசாக இருக்கிறது. "எல்லாம் உங்களோடதுதானே சார், இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

போன வாரம் வழக்கு இருந்த நாளில் நானும் அந்தப் பக்கம் போனேன். நல்ல வெயில். படியில் வரிசையாகப் படங்கள். கண்டக்டர் மேல்படியில் நின்று, தொழில் குரலில் எல்லாரையும் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். "நெருங்கி நில்லுங்க, இடம் இருக்கு, மேல போங்க, மேல போங்க." வேலை நேரம் முழுக்கப் படியில் நிற்காதீர்கள் என்று கத்துகிறவள், இங்கே படியில் நிற்கச் சொல்லிக் கூப்பிடுகிறாள். வக்கீலம்மா உள்ளே போவதற்கு முன் அந்தப் படத்தின் மூலையை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

சுவரோரமாக இன்னும் சில அட்டைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. யாருடையவை என்று கேட்டேன். சிலருக்கு வருவதற்கு ஆள் இல்லையாம். அம்மா படுக்கையில், தம்பி வெளியூரில், சிலருக்கு யாருமே இல்லை. படம் வந்துவிடுகிறது, பிடிக்கத்தான் கை போதவில்லை. நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன். வெள்ளை அட்டை பிடித்த அனுபவம் இருக்கிறதே.

நின்றுகொண்டிருந்தபோது தெருவின் அந்தப் பக்கம் நீங்கள் வந்தீர்கள். ஆமாம், நீங்கள்தான். வேறு ஏதோ வேலையாக, இந்தத் தெரு குறுக்குவழி என்பதால் வந்தீர்கள். படிகளைப் பார்த்ததும் நடையை மெதுவாக்கினீர்கள். எதிரே ஒரு பெண் சிரித்துக்கொண்டிருக்கும் படத்தைப் பார்த்து, என்ன காரணம் என்று தெரியாமலேயே உங்களுக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. அந்தத் தோள் ஏன் ஒரு பக்கம் உயர்ந்திருக்கிறது என்று யோசித்தீர்கள். காரணம் உங்களுக்குத் தெரியும்.

கண்டக்டர் உங்களைப் பார்த்துவிட்டாள். ஓடும் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காத ஆளைக் கண்டுபிடிக்கிற கண் அது, தப்ப முடியாது. சுவரோரம் சாய்ந்திருந்ததில் ஒரு படத்தை எடுத்து உங்கள் பக்கம் நீட்டினாள்.

"ஏங்க, உங்களைத்தான். கை சும்மாதானே இருக்கு? கொஞ்ச நேரம் பிடிக்கிறீங்களா?"

நீங்கள்